கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பெயர்

ஜப்பானிய வாளில் பிடியும் அலகும் சந்திக்கும் இடத்தில் ஒரு தகடு இருக்கும். ட்சுபா என்பார்கள். குத்தும் வேகத்தில் கை முன்னால் வழுக்கி அலகில் பட்டுவிடாமல் காப்பது அதன் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் கனம். நடுவில் அலகின் வால் நுழைய ஆப்பு வடிவத்தில் ஒரு துளை. அதைச் சுற்றி முட்டை வடிவில் கொஞ்சம் இடத்தை அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறுமையாக விட்டிருப்பார்கள். செய்தவர் பெயர் வெட்டுவது அங்கேதான். வாளைப் பூட்டும்போது செப்பா என்கிற மெல்லிய செம்புத் தகடுகள் இரு பக்கமும் வந்து சரியாக அந்த இடத்தை மூடிக்கொள்ளும். அந்த வாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த சாமுராயே ஆனாலும், பிடியைக் கழற்றினால் ஒழியப் பெயரைப் பார்க்க முடியாது.

நம் ஊரில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவது இதற்கு நேர் எதிரான காரியம். கும்பகோணத்துப் பாத்திரக் கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து, கேட்ட பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார். வாங்கியவர் பெயர், இல்லாவிட்டால் கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர். என் அம்மாவின் பித்தளை அடுக்குகளில் தாய்மாமன்களின் இனிஷியல் எல்லாம் வரிசையாக உண்டு. அவற்றை வார்த்துத் தட்டிய கன்னாரின் பெயர் ஒன்றில்கூட இல்லை. அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை. அப்படிப் பழகிய கண்ணுக்கு, செய்தவர் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறார் என்பதே பெரிய போதையாக இருந்தது. பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிற வயது.

அப்போது எனக்குக் கியோத்தோவில் வேலை. தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை கூடும். அந்தக் கோயிலை நடத்திய துறவி கூகாயின் நினைவு நாள் அது. பழைய கிமோனோ, பூந்தொட்டி, ஊறுகாய், துருப்பிடித்த தச்சுச் சாமான் என்று வளாகம் நிரம்பிவிடும். ஓர் ஓரத்தில், மடக்கு மேசையில் கறுப்புத் துணி விரித்து ட்சுபாக்களை அடுக்கி வைத்திருப்பார் ஒரு பெரியவர். காலையில் போனால் கொஞ்சம் சிடுசிடுப்பார். பகல் உணவுக்குப் பிறகு பேச்சு வரும். எதையாவது சுட்டிக்காட்டினால் எடுத்து நீட்டுவார். ஆனால் நீட்டும்போதே அவருடைய இடது கட்டைவிரல் அந்த முட்டை வடிவ இடத்தின் மேல் படிந்திருக்கும்.

"பெயரை முதலில் பார்த்துவிட்டீர்கள் என்றால், அதற்கப்புறம் இரும்பு என்ன சொன்னாலும் உங்கள் காதில் விழாது" என்றார் ஒருமுறை.

இது அவருடைய சொந்த வேதாந்தம் இல்லை. அங்கே பழகிய கண்கள் எல்லாம் சொல்வதுதான். முதலில் வடிவம்: வட்டமா, நான்கு இதழ்போல் மடிந்ததா, விளிம்பு நடுப்பகுதியைவிடக் கனத்ததா மெலிந்ததா. அடுத்து இரும்பு: நன்றாக அடித்துப் புடம்போட்ட பழைய இரும்பு கறுப்பில் ஊதா கலந்த மினுக்கத்தோடு இருக்கும், விளிம்பில் எலும்பு புடைத்தாற்போல் சில முடிச்சுகள் தட்டுப்படும். பிறகு துளைகள்: இடப்பக்கம் அரைநிலா வடிவில் இருப்பது சிறுகத்திக்கு, வலப்பக்கம் மூவிதழாக இருப்பது கொண்டை ஊசி மாதிரியான ஒரு கருவிக்கு. அவை பிற்பாடு யாரோ வெட்டியவையா, முதலிலேயே இருந்தவையா. இவ்வளவும் பார்த்து, இது இன்ன காலம், இன்ன வட்டாரம் என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கட்டைவிரல் விலகும். பெயர் அந்த முடிவை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது பெயரைத்தான்.

வாசிப்பதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. மேலிருந்து கீழ், வலமிருந்து இடம். துளையின் வலப்பக்கம் ஊர் அல்லது நாடு, பிறகு 'ஜூ' என்ற எழுத்து, அதாவது அங்கே குடியிருப்பவர். இடப்பக்கம் பெயர். கடைசியில் 'சாகு' இருந்தால் செய்தார் என்று பொருள். ஃபுஷிமியில் குடியிருந்த கானெயே இப்படித்தான் ஊரை வலத்திலும் பெயரை இடத்திலும் வெட்டினார். 16ஆம் நூற்றாண்டில், இரும்புத் தகட்டை ஓவியத்தாள் மாதிரி நினைத்து மலையும் ஆறும் ஆளும் வரைந்தவர்களில் அவர் முன்னோடி. நீரில் தெரியும் நிலவை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் குரங்கு ஒன்று உண்டு. படத்தில் பார்த்தாலே போதும், மறக்காது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நாகாதோ நாட்டு ஹாகி நகரத்துக்காரர்கள் நல்லவர்கள். 'சோஷூ ஹாகி ஜூ' என்று ஊரைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பெயரையும் தெளிவாக வெட்டுவார்கள். என் எழுத்துப் பயிற்சி அவர்களில்தான் நடந்தது.

ஊர் சுலபம். பெயர்தான் படுத்தும். சீன எழுத்து ஒன்றுக்கு ஜப்பானில் பல வாசிப்பு. 'மாசா' என்று ஒலிக்க எத்தனையோ எழுத்துகள். எதோ (பழைய தோக்கியோ) காலத்து நாரா பள்ளியின் மூன்று பெரும் கைகளில் ஒருவர் தோஷிநாகா. அவர் பெயரின் இரண்டாவது எழுத்தை வேறோர் ஆளின் பெயரில் கண்டால் 'தோஷி' என்றோ 'ஹிசா' என்றோ 'ஜூ' என்றோதான் வாசிக்கத் தோன்றும். 'நாகா' என்று இவர் பெயரில் வரும் என்பதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாமானோ பள்ளியின் தலைவரை ஷோஸூயி என்றும் வாசிக்கலாம், மாசாயூகி என்றும் வாசிக்கலாம். போதாததற்கு உளி வேறு. தூரிகை வளைகிற இடத்தில் உளி வளையாது; சின்னச் சின்ன ஆப்புகளாக வெட்டிக்கொண்டு போகும். தேய்ந்துபோன இரும்பில் பாதிக் கோடுகள் மறைந்திருக்கும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அகராதியில் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு என்றே எழுதிய ஒரு புத்தகத்தை நூலகத்தில் பார்த்தேன். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் உலோகப் பிரிவில் இருந்த ஆல்பர்ட் கூப் என்பவரும் ஹோகிதாரோ இனாதா என்ற ஜப்பானியரும் சேர்ந்து 1923இல் வெளியிட்டது. ஜப்பானியப் பெயர்களை எப்படி வாசிப்பது என்பதுதான் புத்தகம் முழுக்க. கலைப்பொருள் சேகரிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. அதே 1923இல் சிகாகோவின் ஃபீல்டு மியூசியத்துக்காக ஹெலன் கன்சாலஸ் அங்கிருந்த ட்சுபா முதலான வாள் அணிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கும் முன்னால், 1902இல், ஹாம்பர்க் மியூசியத்தில் பணியாற்றிய ஷின்கிச்சி ஹாரா வாள் அணி செய்தவர்களின் பெயர்களைத் திரட்டி ஜெர்மன் மொழியில் வெளியிட்டிருந்தார். லண்டன், சிகாகோ, ஹாம்பர்க். அந்த ஊர்களுக்கு எதற்கு இந்தக் கவலை என்று அப்போது யோசித்தேன்.

கவலை 1876இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் மேய்ஜி அரசு, ராணுவத்தினர், காவலர், விழாக்கால அதிகாரிகள் தவிர வேறு யாரும் வாள் அணிந்து வெளியே வரக் கூடாது என்று ஆணையிட்டது. சாமுராய்களின் மானியமும் அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. இடுப்பில் இருந்த வாளுக்கு வேலை இல்லை. வீட்டில் பணமும் இல்லை. அலகை வைத்துக்கொண்டு அணிகளைக் கழற்றி விற்றார்கள். அணிகளை வைத்துக்கொண்டு அலகை விற்றவர்களும் உண்டு. பெட்டி பெட்டியாக யோகோஹாமாவிலிருந்து கப்பலேறியது. பாஸ்டன் மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ ஜப்பானிலேயே தங்கி வாங்கிக் குவித்தவை இன்று அந்த ஊர் நுண்கலை மியூசியத்தில் இருக்கின்றன. பாரிஸில் தாதாமாசா ஹாயாஷி என்ற வியாபாரி மேல்தட்டு ரசிகர்களுக்கு விற்றார்.

வாளில் பூட்டியிருந்தவரை யார் கண்ணிலும் படாத பெயர், வாளிலிருந்து பிரிந்து வெல்வெட் தட்டில் உட்கார்ந்ததும் எல்லார் கண்ணிலும் முதலில் பட்டது. அணிந்தவருக்கு அது தேவைப்படவில்லை. சேகரித்தவருக்குத் தேவைப்பட்டது. ஒரே மாதிரி நூறு தகடுகள் மேசையில் இருக்கும்போது எதற்கு அதிக விலை கொடுப்பது? பெயர் இருப்பதற்கு. பெயருக்கு விலை என்றானால் பெயரை வெட்டிக்கொடுக்க ஆள் வராமல் இருப்பானா?

அந்த ஆணையால் பிழைப்பு போனவர்கள் எத்தனையோ பேர். பிழைத்தவர்களில் பெரியவர் கானோ நாட்சுவோ. 1828இல் கியோத்தோவில் பிறந்தவர். வாள் அணி வேலையில் கடைசிப் பெருங்கலைஞர் என்று அவரைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. புதிய அரசு புதிய நாணயம் அச்சிட நினைத்தபோது, அதற்கான நாகத்தையும் எழுத்தையும் செதுக்கித் தந்தது அவர் கைதான். பிறகு தோக்கியோ கலைப் பள்ளியில் ஆசிரியர்; 1890இல் அரசவைக் கலைஞர் பட்டம். வாள் போனது, கை போகவில்லை. அவருடைய ட்சுபாக்களில் பெயர் இருக்கிறது. ஜப்பான் முழுவதும் ஒவ்வொருவர் மடியிலும் கிடந்த நாணயங்களில் அவர் பெயர் இல்லை.

நாணயம் என்றதும் கோதோ குடும்பம் நினைவுக்கு வந்துவிடும். சந்தைப் பெரியவர் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அவர்களிடம் வந்து நிற்பார், அதுவும் கொஞ்சம் கசப்போடு. 15ஆம் நூற்றாண்டில் யூஜோவில் தொடங்கி 17 தலைமுறையாக வாள் அணி செய்தவர்கள். முதலில் ஆஷிகாகா ஆட்சியாளர்களுக்கு, பிறகு ஹிதேயோஷிக்கு, பிறகு தோக்குகாவாக்களுக்கு. 1588இல் ஹிதேயோஷி வெளியிட்ட பெரிய தங்க நாணயத்தின் மேல் மையால் கையொப்பமிட்டவர் இந்தக் குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. அந்தக் கையொப்பம் இருந்தால்தான் தங்கத்தின் எடைக்கு உத்தரவாதம். எழுத்தாக வாசிக்க முடியாத, ஒருவருக்கு ஒன்று என்று அமைத்துக்கொண்ட சுழிப்பு அது. காஓ என்பார்கள். ட்சுபாவிலும் பெயருக்குக் கீழே அதை வெட்டுவது உண்டு. பெயரைத் திருடலாம், இந்தச் சுழிப்பைத் தடங்கல் இல்லாமல் ஒரே இழுப்பில் வெட்டுவது கடினம்.

ஆனால் அதே கோதோ குடும்பத்தின் முதல் தலைமுறைகள் தங்கள் வேலையில் பெயர் வெட்டவே இல்லை. யார் செய்தது என்று கேட்க வேண்டிய அவசியம் ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து, குடும்பத் தலைவராக இருந்தவர்கள் பழைய வேலைகளை எடுத்துப் பார்த்து, 'இது யூஜோ செய்தது' என்று வெட்டிக் கீழே தங்கள் பெயரையும் சுழிப்பையும் போட்டுக் கொடுத்தார்கள். மடித்த தாளில் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. ஆக, ஒரு தகட்டில் இரண்டு பெயர். ஒன்று செய்தவருடையது, அவர் வெட்டியதில்லை. மற்றது வெட்டியவருடையது, அவர் செய்ததில்லை. இதைப் பொய் என்றும் தள்ள முடியாது. குடும்பத்தின் கண்ணுக்கு அவர்களைவிட நெருக்கமானவர் யார்?

"தாத்தாவுக்குப் பேரன் சாட்சி. வழக்கு மன்றத்தில் எடுபடுமா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் தேநீர்க் குவளையை மூடிவைத்தார்.

அவர் மேசையில் அடிக்கடி வந்து போன சரக்கு சோதென். பீவா ஏரிக்கரையில் ஹிகோனே என்ற ஊர். அங்கே கிதாகாவா சோதென் என்பவர் ஒரு பாணியைத் தொடங்கினார். இரும்பைக் குடைந்து, மூங்கில் காட்டில் முனிவர்கள், போர்க்களத்தில் குதிரைகள், பைன் மரங்கள் என்று இடம் விடாமல் அடைத்து, முகத்துக்கும் ஆடைக்கும் பொன்னும் வெள்ளியும் பதிப்பது. 'மோகராஷி நியூதோ சோதென் செய்தது' என்று நீளமாகப் பெயர், ஹிகோனேயில் குடியிருப்பதாக ஊர். வெளிநாட்டவருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. விளைவு, ஜப்பானிய வாள் அணிகளிலேயே அதிகமாகக் கண்ணில் படும் பெயர்களில் இதுவும் ஒன்று. ஐசு நாட்டுப் பட்டறைகளிலிருந்துகூட இதே பெயரோடு வெளிவந்தன. அந்த நீளமான பெயரைப் பார்த்ததும் என் நெஞ்சு படபடக்கும். பெரியவருக்குக் கொட்டாவி வரும். 'சோதென்' என்பதை ஓர் ஆளின் பெயராக வாசிக்காமல், ஒரு பாணியின் பெயராக வாசித்தால் ஏமாற்றம் இல்லை. சிலவற்றின் வேலைப்பாடு நிஜமாகவே நன்றாக இருக்கும். அதைச் சொல்லக் கூச்சப்படுகிற சேகரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆளா, இருக்கையா என்ற கேள்வி அங்கே ஓயாமல் வரும். எச்சிசென் நாட்டில் 'கினாய்' என்று ஒரு பெயர். இரும்பில் ஊடுருவிச் சுழலும் நாகங்கள் அவர்களுடைய தனிச்சொத்து. ஒரு தலைமுறை போய் அடுத்தது வந்தாலும் வெட்டியது அதே 'எச்சிசென் ஜூ கினாய் சாகு'தான். எந்தக் கினாய் என்று அந்தத் தகடு சொல்லாது. சுச்சியா யாசுச்சிகா, 1670இல் பிறந்து எதோவுக்கு வந்து பேர்பெற்றவர், பெயரை வாரிசுகளுக்கு விட்டுப்போனார். பின்வந்தவர்கள் அதையே வெட்டினார்கள். சீடனுக்குப் பெயர் வைக்கும்போது குரு தன் பெயரில் ஓர் எழுத்தைப் பிரித்துக் கொடுப்பார். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டே எந்தப் பட்டறையில் வளர்ந்தவர் என்று கண்டுகொள்ளலாம். பெயருக்குப் பின்னால் ஓர் ஆளைத் தேடுவது நம் பழக்கம். அங்கே பெயர் காட்டுவது எந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது என்பதை. அதற்கு மேல் கேட்டால் பெயர் தடுமாறும்.

நோபுயே விஷயத்தில் இது நன்றாகவே தெரியும். கானெயேயோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய பெயர். ஆமை ஓட்டுக் கோலங்களும் புத்த மந்திரங்களும் வெட்டிய கனமான இரும்பு. பெயர் இரண்டே எழுத்து. சிலவற்றில் அந்த இரண்டு எழுத்தும் மெல்லியதாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். வேறு சிலவற்றில் தடித்து நெருங்கியிருக்கும். ஒரே மனிதர் இளமையிலும் முதுமையிலும் வெட்டியதாக இருக்கலாமே என்று முதலில் நினைக்கத் தோன்றும். அறிந்தவர்கள் இரண்டு கைகள் என்றே பிரிக்கிறார்கள். 'விலகிய பெயர்', 'தடித்த பெயர்' என்று அவற்றுக்குப் பட்டமே கட்டிவிட்டார்கள். ஒரு காலத்தில் இவரைக் கவசம் செய்யும் மியோச்சின் வம்சத்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அது எடுபடுவதில்லை.

கையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? ஒரு மழைநாள். சந்தையில் கூட்டம் இல்லை. பெரியவர் தார்ப்பாய்க்குக் கீழே கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு தகட்டைக் காட்டினார். நேர் வெளிச்சத்தில் எழுத்துத் தெரியும், உளி தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் உளி தெரியும். ஒவ்வொரு சுத்தியல் தட்டுக்கும் ஒரு சிறு முக்கோணம். பழகிய கை வெட்டினால் முக்கோணங்கள் ஒரே தாளத்தில் போகும். பார்த்து எழுதியவன் கை வளைவில் தயங்கும். கோடு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது, எங்கே ஆழம் கூடியது என்பதெல்லாம் பழக்கதோஷம். அதை மாற்றிக்கொள்வது கடினம்.

அதைவிட எனக்குப் பிடித்தது எழுத்தைச் சுற்றி நடந்திருப்பதைப் பார்ப்பது. வேறு வாளுக்குப் பொருத்தும்போது துளை பெரிதாக இருந்தால், ஓரத்தில் உளியால் கொத்தி இரும்பை உள்ளே தள்ளுவார்கள். இல்லாவிட்டால் செம்புக் கட்டி செருகுவார்கள். அந்தக் கொத்தல் எழுத்தின் காலை நசுக்கியிருந்தால், எழுத்து முந்தையது. எழுத்து கொத்தலின் மேல் ஏறி நின்றால் அது பின்னால் வந்த பெயர். செப்பா அழுத்தி அழுத்தி அந்த இடம் மழுங்கியிருக்கும். எழுத்தும் கூடவே மழுங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் மழுங்கி, எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால், அது கிட்டத்தட்ட நேற்று வெட்டியதுதான். கோட்டின் அடியில் இருக்கும் துருவும் தகட்டின் மேல் துருவும் ஒரே வயதாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. பெயரை வாசிக்கத் தெரியாதவரும் பெயர் பொய் என்று சொல்லிவிடலாம்.

சில தகடுகளில் பின்பக்கம் தேதியும் இருக்கும். ஆட்சிக்கால ஆண்டு, தென்போ என்றால் 1830 முதல் 1844 வரை என்று கணக்குப் போட்டுவிடலாம். அதோடு அறுபது ஆண்டுச் சுற்றில் வரும் பெயரையும் சேர்த்திருப்பார்கள். ஆட்சிக்கால ஆண்டு அழிந்து சுற்றுப் பெயர் மட்டும் மிஞ்சினால், நமக்குத் தெரிந்த தலைவலிதான்: பழைய ஓலையில் 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரபவ? நம் சுற்று 1987இல் புதிதாகத் தொடங்கியது, அவர்களுடையது 1984இல். மூன்றாண்டு வித்தியாசம். நம் பஞ்சாங்கத்தை வைத்தே நான் அவர்கள் ஆண்டைக் கழித்துக் கண்டுபிடிப்பதைப் பார்த்துப் பெரியவர் அன்றைக்கு ஒரு தேநீர் அதிகமாக ஊற்றினார். செய்தவரின் வயதை வெட்டிய தகடுகளும் உண்டு. எழுபதைத் தாண்டியவர் தன் வயதையும் சேர்த்து வெட்டுவதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் வெட்டிவிட்டு, 'இந்த வயதில்' என்கிறார்.

பெயர் திரட்டும் ஆசையை வெளிநாட்டவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயம் இல்லை. 1781இல் ஒசாகாவில் இனாபா சூரியூ என்பவர் 'சோகென் கிஷோ' என்று ஏழு பாகத்தில் ஒரு நூல் அச்சிட்டார். வாள் அணி செய்தவர்களின் பெயர், ஊர், பள்ளி என்று வகைப்படுத்திய நூல். அவரே வியாபாரி. வாங்குகிறவர்கள் பெயர் கேட்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அமைதியான எதோ காலத்தில் வாள் சண்டைக்கு உருவுவது அரிது; அது உடை, தகுதி, அலங்காரம். பணக்கார வணிகரும் குறுவாள் அணியலாம். அந்த நூலில் பிடிக்குச் சுற்றும் திருக்கைத் தோலைப் பற்றியும் பேச்சு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பிய சரக்கில் திருக்கைத் தோலும் இருந்தது. எங்கள் ஊர்க் கடல் மீன் அந்த வாள்களில் எதிலாவது ஒட்டியிருக்கும் என்று சொன்னபோது பெரியவர் நம்பவில்லை. ஆனால் அடுத்த மாதம் பக்கத்துக் கடைக்காரரிடம் தன் சொந்தத் தகவலைப்போல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கட்டைவிரலை விலக்கிய பிறகும் அடியில் எதுவும் இல்லாத ட்சுபாக்கள் நிறைய. அவற்றைத்தான் அவர் மேசையின் நடுவில் வைப்பார். ஹிகோ நாட்டு வேலை, அதாவது இன்றைய குமாமோத்தோ. துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஹாயாஷி மாதாஷிச்சி, 1699இல் இறந்தவர், ஹோசோகாவா பிரபுக்களுக்காக வேலை செய்தார். இரும்பில் வேறு யாரும் அந்த மென்மையைக் கொண்டுவந்ததாக நான் நினைக்கவில்லை. செர்ரிப் பூவும் கிழிந்த விசிறியும் பொன்னிழையில் பதித்த ஒன்று தோக்கியோவில் ஹோசோகாவா குடும்பத்தின் எய்செய் புங்கோ மியூசியத்தில் இருக்கிறது. அவர் பெரும்பாலும் பெயர் வெட்டவில்லை. எதோவின் ஆகாசாகா பட்டறையிலும் முதல் மூன்று தலைமுறை வெட்டவில்லை; நான்காவதுதான் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் தேடுவது பெயர் இல்லாத அந்த மூன்றைத்தான். வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி கடைசிக் காலத்தைக் குமாமோத்தோவில் கழித்தவர். கடலட்டை வடிவில் இரண்டு துளை வெட்டிய எளிய ட்சுபா அவர் கண்டது என்பார்கள். அதனால் அந்த வட்டாரத்தில் கடலட்டைத் துளையோடு எது கிடைத்தாலும் முசாஷி கை பட்டது என்று ஒரு கதை ஒட்டிக்கொள்ளும். பெயர் இல்லாவிட்டால் நாம் சும்மா இருப்போமா.

இன்று தீர்ப்புச் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது: 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். தோக்கியோவில் ரியோகோக்குப் பகுதியில் அவர்களுடைய வாள் மியூசியம், 2018 முதல் அங்கே. நிபுணர்கள் பார்த்துத் தரம் பிரித்துச் சான்று தருகிறார்கள். பெயர் இல்லாத தகட்டுக்கும் இன்ன பள்ளி என்று எழுதித் தருவார்கள். பெயர் பொய் என்று கண்டால் சான்று கிடையாது, வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும். விதி என்ற அளவில் அது சரி. ஆனால் அதனால் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தகட்டைப் பார்க்காதவர்கள் ஒரு பெரிய கூட்டமாகிவிட்டார்கள். என் கணிப்பில், பெயருக்காக வாங்குவதைவிடச் சான்றுக்காக வாங்குவது மோசம்.

உங்கள் கைக்கு இப்படி ஒன்று வந்தால், வெளிநாட்டில் வேலை பார்த்த பெரியப்பாவின் பெட்டியிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ வரலாம், முதலில் துளையின் குறுகிய முனை மேலே இருக்கும்படி பிடியுங்கள். எழுத்து நேராக நிற்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். செந்துரு இருந்தால் எலும்பு அல்லது மான்கொம்பின் முனையால் பொறுமையாக எடுக்கலாம்; அதற்குப் பிறகு பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் போதும். எலுமிச்சை, உப்புத்தாள், துரு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பளபளக்கட்டும் என்று புளி போட்டு மட்டும் துலக்கிவிடாதீர்கள். செம்புக் கலவைத் தகடானால் அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. செம்பில் கொஞ்சம் தங்கம் சேர்த்து உருக்கி, மருந்து நீரில் வேகவைத்து வரவழைத்த மெல்லிய படலம் அது. ஒரு தடவை துலக்கினால் போய்விடும். இரும்பானால் அதன் வயதுக்கு இருக்கும் ஒரே அத்தாட்சியும் போய்விடும், பெயர் உண்மையா பொய்யா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.